எவ்வுள்? – ஜெர்மன் தொடக்கப் பாடமும் திருவள்ளூர் வீடும்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவள்ளூரின் பழம்பெயர் திருஎவ்வுள் என்பதாகும். நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகிய இத்தலத்தைத் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியுள்ளனர். இப்பெயர்க்குத் தலபுராணம் ஒரு காரணம் கூறுகிறது. சாலிஹோத்திரர் என்னும் முனிவரின் குடிலுக்கு முதியவர் ஒருவர் பசியோடு வந்தார். விருந்தினர்க்கென எடுத்து வைத்த மாவையும், முனிவர் தமக்கென வைத்திருந்த பங்கையும் அவர் உண்டார். உண்ட களைப்பில், 'நான் படுப்பதற்கு உரியது எவ்வுள்?' என்று வினவினார். முனிவர் தம் குடிலையே காட்டினார். அங்கே படுத்தவர் திருமாலாகக் காட்சியளித்தார். கிடந்த கோலத்தில் வீரராகவப் பெருமாள் அவ்வூரில் இன்றும் பள்ளிகொண்டிருக்கிறார் என்பது மரபு.

'உள்' என்பது இங்கே உள்ளிடத்தை, அறையைக் குறிக்கும். 'எந்த அறையில் படுப்பது?' என்னும் ஒரு வினாவே ஓர் ஊருக்குப் பெயராயிற்று. ஜெர்மன் மொழியைத் தொடக்கநிலையில் கற்கும் மாணவரும் முதற் சில வாரங்களுக்குள் இந்த வினாவை எதிர்கொள்கிறார். 'உன் படுக்கையறையை வருணித்துக் கூறுக' என்பது அவருக்குத் தரப்படும் பயிற்சி. எளிய பயிற்சிதான். ஆயினும் அதனுள் இலக்கணமும் உண்டு, வாழ்க்கையும் உண்டு. அவ்விரண்டையும் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கற்போர் யார்?

தமிழருக்கும் ஜெர்மானியருக்கும் உள்ள மொழித் தொடர்பு புதியதன்று. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் கற்றார். பத்தாண்டுகளில், 1716இல், இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. அன்று தொடக்கநிலை மாணவராக மணலில் அமர்ந்தவர் ஜெர்மானியர். இன்று தமிழ்நாட்டு இளைஞர் அவ்விடத்தில் அமர்ந்திருக்கின்றனர்.

செவிலியர், பொறியாளர், மேற்படிப்பு நாடுவோர், தொழிற்பயிற்சி விழைவோர் எனப் பலரும் இம்மொழியைக் கற்கின்றனர். திறன்மிகு பணியாளர் வருகைக்கு வழி திறக்கும் சட்டம் ஜெர்மனியில் 2020 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் முன்பே, 2007இல், மற்றொரு விதி வந்தது. அங்கு வாழும் கணவரிடமோ மனைவியிடமோ சென்று சேர விரும்புவோர், சில விலக்குகள் நீங்கலாக, புறப்படுமுன்பே எளிய ஜெர்மன் அறிவைத் தேர்வில் காட்டவேண்டும் என்பது அவ்விதி.

ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் வரையறை ஆறு படிகளை வகுத்தது. முதற்படி 'ஏ1' எனப்படும். தாம் எங்கு வாழ்கிறோம், யாரை அறிவோம், எவற்றை உடையோம் என்பவற்றை வினவவும் விடையளிக்கவும் வல்லவராதல் அப்படியின் இலக்குகளுள் ஒன்று. படுக்கையறை வருணனை இம்மூன்றையும் ஒருங்கே பயிற்றுவதால், பாடநூல்களில் அது நிலையான இடம் பெற்றுள்ளது.

சொற்களும் பாலும்

அறைக்கு ஜெர்மன் மொழியில் 'ட்ஸிம்மர்' என்று பெயர். மரத்தைக் குறித்த பழஞ்சொல் மரத்தால் கட்டிய இடத்தைக் குறித்து, இன்று அறையைக் குறிக்கிறது. தச்சரை 'ட்ஸிம்மர்மான்' என்பதில் அப்பழம்பொருள் எஞ்சியுள்ளது. 'ஷ்லாஃப்' உறக்கம். இரண்டும் சேர்ந்தால் 'ஷ்லாஃப்ட்ஸிம்மர்', உறக்க அறை. நம் 'படுக்கையறை' போன்றே இதுவும் உருபும் பயனும் தொக்க தொகை. தொகையை விரும்புவதில் இருமொழியும் உறவு கொண்டவை. இரவு, மேசை, விளக்கு என்னும் மூன்று பெயர்களையும் ஒட்டி 'நாக்ட்டிஷ்லாம்ப்பெ' என்று ஒரே சொல்லாக்கிவிடுவர். இறுதிச் சொல்லே தலைமைச் சொல். அதன் பாலே தொகை முழுவதற்கும் பால்.

பால் என்னும் இடத்தில்தான் தமிழ் மாணவர் முதலில் தடுமாறுகிறார். ஜெர்மன் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் 'டேர்', 'டீ', 'டாஸ்' என்னும் மூன்று சுட்டுகளுள் ஒன்றை முன்னே பெறும். முதலாவது ஆண்பால், அடுத்தது பெண்பால், மூன்றாவது இரண்டுமல்லாதது. மேசையும் நாற்காலியும் அலமாரியும் ஆண்பால். விளக்கும் சுவரும் கதவும் பெண்பால். கட்டிலும் சன்னலும் தலையணையும் இரண்டுமல்லாதவை. உயிரற்ற பொருள்கள் யாவும் அஃறிணை என்று தொல்காப்பியர் நெறியில் வளர்ந்த செவிக்கு இது வியப்பே.

ஆயினும் வியப்பு ஒருபுறம் மட்டுமன்று. ஜெர்மன் மொழியில் 'கிண்ட்', அதாவது குழந்தை, 'டாஸ்' பெறுகிறது. தமிழிலும் 'குழந்தை சிரித்தது' என்றே கூறுகிறோம். உயர்திணைப் பொருளை அஃறிணைச் சொல்லால் முடிக்கிறோம். இருமொழியும் குழந்தையைப் பாலுக்கு அப்பால் வைத்துள்ளன. இவ்வொற்றுமையை எடுத்துக்காட்டி ஆசிரியர் பாடத்தைத் தொடங்குவாராயின் மாணவரின் அச்சம் பாதி நீங்கும்.

அறைப்பொருள்களின் பெயர்களில் வரலாறும் உண்டு. மேசை, அலமாரி, சன்னல், சாவி என்னும் நான்கும் போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தவை. சன்னலுக்குக் 'காலதர்' என்னும் அழகிய சொல் சிலப்பதிகாரத்தில் உண்டு. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ஜெர்மானியரின் 'ஃபென்ஸ்டர்' என்பதும் அவர்தம் சொல்லன்று, இலத்தீனிலிருந்து பெற்றதே. கவிஞர்கள் கருதத்தக்க மற்றொரு சொல் 'டெக்கெ'. மேலே உள்ள கூரைத்தளத்துக்கும் அதுவே பெயர். உறங்குவோர் மேல் கிடக்கும் போர்வைக்கும் அதுவே பெயர். இரண்டும் மூடுகின்றன என்பதே காரணம்.

ஒன்பதும் பத்தொன்பதும்

பொருள்களின் பெயரைக் கற்றபின் அவை இருக்குமிடத்தைக் கூறவேண்டும். இதற்கு ஜெர்மன் மொழியில் ஒன்பது இடச்சொற்கள் உள்ளன. ஆன், ஔஃப், ஹின்டர், இன், நேபென், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷென் என்பன அவை. ஒட்டி, மேல், பின், உள், பக்கத்தில், மேலே உயரத்தில், கீழ், முன், இடையில் என்று முறையே பொருள் கொள்ளலாம். அவை பெயருக்கு முன் நிற்கும். நம் இடச்சொற்கள் பெயருக்குப் பின் நிற்கும்.

மாணவர்கள் இந்த ஒன்பதையும் மலைப்போடு மனனம் செய்கின்றனர். ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் உணர்த்த வரும் சொற்களாகத் தொல்காப்பியர் பத்தொன்பதைப் பெயர்சொல்லித் தொகுத்து, இவை போல்வன பிறவும் உண்டு என்று வாயிலையும் திறந்து வைத்துள்ளார். உள், புறம், மேல், கீழ், முன், பின், இடை, அயல் எல்லாம் அப்பட்டியலில் உள்ளன. பத்தொன்பதை உடைய மொழியினர் ஒன்பதைக் கண்டு அஞ்சுவது ஏன்? இடத்தை நுணுகி நோக்கும் பயிற்சி தமிழ் இலக்கணத்திலேயே உண்டு என்பதை அறியாமையே அதற்குக் காரணம் எனலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் புதிதாகக் கற்கவேண்டும். ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதாயின் அப்பெயர் ஒரு வேற்றுமையையும், அவ்விடம் நோக்கிச் செல்வதாயின் வேறொரு வேற்றுமையையும் ஏற்கும். இடச்சொல் மாறாது, சுட்டுமட்டும் மாறும். 'ஔஃப் டேம் டிஷ்' என்றால் மேசைமேல் இருக்கிறது. 'ஔஃப் டேன் டிஷ்' என்றால் மேசைமேல் வைக்கப்படுகிறது. தமிழில் 'மேசைமேல்' என்பது இரண்டிடத்தும் ஒன்றே. வினைதான் வேறுபாட்டை உணர்த்தும். 'எங்கே?' 'எங்கு நோக்கி?' என்னும் இரு வினாக்களை ஜெர்மன் மொழி ஒரு மகரத்தாலும் ஒரு னகரத்தாலும் பிரித்து நிறுத்துகிறது. தொடக்கநிலை மாணவர் மிகுதியும் பிழைபடும் இடம் இதுவே.

வினைகளிலும் ஒரு நுட்பம் உண்டு. நாம் எல்லாவற்றுக்கும் 'இருக்கிறது' என்று முடித்துவிடுகிறோம். ஜெர்மானியர் அவ்வாறு முடிப்பதில்லை. கட்டில் நிற்கிறது என்பர், 'ஷ்டேட்'. புத்தகம் கிடக்கிறது என்பர், 'லீக்ட்'. படம் தொங்குகிறது என்பர், 'ஹெங்ட்'. இது தமிழருக்கு அயலானதன்று. நின்றான், இருந்தான், கிடந்தான் என்று இறைவனின் திருக்கோலங்களையே மூன்றாக வகுத்த மரபு நம்முடையது. கிடந்த கோலத்துக்குத் திருவள்ளூரே சான்று.

அன்றியும், 'லீகென்' என்னும் கிடத்தலுக்குப் பிறவினை 'லேகென்'. 'ஷ்டேஹென்' என்னும் நிற்றலுக்குப் பிறவினை 'ஷ்டெலென்'. கிட – கிடத்து, நில் – நிறுத்து என்னும் தன்வினை பிறவினை இணைகளை அறிந்த தமிழ் மாணவருக்கு இதனைப் புதிதாக விளக்க வேண்டுவதில்லை, நினைவூட்டினால் போதும்.

இலக்கியத்தில் ஒரு படுக்கையறை

படுக்கையறையை வருணித்தல் தமிழில் பழைய கலை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளில் அமைந்தது. அதில் நக்கீரர் பாண்டிமாதேவியின் பள்ளியறையை ஓரடி ஓரடியாக நெருங்குகிறார். அரண்மனைக்கு நிலம் அளந்த முறை, வாயில், கதவு, முற்றம், சுவர் என்று வந்து இறுதியில் கட்டிலை அடைகிறார். நாற்பது வயது நிறைந்த யானையின் கொம்பு கொண்டு இயற்றிய வட்டக்கட்டில் அது. மேலே விதானத்தில் திங்களையும் உரோகிணியையும் எழுதியுள்ளனர். திங்களைப் பிரியாத உரோகிணியை நோக்கித் தேவி பெருமூச்செறிகிறாள். மன்னனோ பாசறையில், நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறிக்கொண்டிருக்கிறான்.

அறை முழுதும் நிறைந்திருக்கிறது. அறைக்குரிய ஒருவன் இல்லை. பொருள்களை அடுக்கியது இந்த ஒன்றைக் காட்டுதற்கே. அறை வருணனையின் உயிர், அங்கு எவை உள்ளன என்பதில் மட்டுமின்றி, யார் உளர், யார் இலர் என்பதிலும் இருக்கிறது. கணவரிடம் சென்று சேர்வதற்காக மேசையையும் சன்னலையும் ஜெர்மன் மொழியில் மனனம் செய்யும் பெண்ணுக்கு இப்பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அறையில்லாதார்

இனி, இவ்வட்டாரத்தின் வீடுகளை நோக்குவோம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம், தேர்வாய்கண்டிகையில் தொழிற்பூங்கா, திருவள்ளூரையடுத்துக் காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை எனத் தொழிலகங்கள் பரந்துள்ள மாவட்டம் இது. உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் இரவும் பகலும் ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு என்பது ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும்தான். வெளிமாநிலங்களிலிருந்து வந்தோர் ஓர் அறையில் பலராகத் தங்குகின்றனர். ஒருவர் வேலைக்குப் புறப்பட, வேலை முடிந்து வந்தவர் அதே பாயில் படுக்கிறார்.

அத்தகைய வீட்டிலிருந்து வந்து ஜெர்மன் கற்கும் மகளோ மகனோ, 'உன் படுக்கையறையை வருணி' என்றதும் என் செய்வர்? பாடநூலில் உள்ள அறையை மனனம் செய்கின்றனர். 'என் அறையில் ஒரு கட்டில் உண்டு, எழுதுமேசை உண்டு, சன்னலருகே அலமாரி நிற்கிறது' என்று ஒப்புவிக்கின்றனர். இலக்கணப் பிழையில்லை, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ஒரு புதிய மொழியில் தம்மைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியங்களே பொய்யாகிவிடுகின்றன. வீட்டைச் சொல்ல நாணுதலும் அவ்வாக்கியங்களோடு சேர்ந்து மனத்தில் பதிகிறது.

தேர்வாளர் வீட்டுக்கு வந்து பார்க்கப் போவதில்லை, சொற்களை அறிந்திருத்தலே வேண்டுவது என்று ஆசிரியர் கூறலாம். அது நியாயமே. கட்டிலுக்கும் அலமாரிக்கும் உரிய சொற்களை எல்லோரும் கற்றே ஆகவேண்டும். ஆயினும் சொற்களைக் கற்பது வேறு. இல்லாததைத் தன்னுடையது என்று கூறக் கற்பது வேறு.

அறையின்மை ஜெர்மன் மொழி அறியாத ஒன்றும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் முதலிய தொழில் நகரங்களில் 'ஷ்லாஃப்கெங்கர்' எனப்பட்டோர் வாழ்ந்தனர். உறக்கத்துக்காகச் செல்பவர் என்பது சொற்பொருள். வீடு எடுக்க வசதியற்ற அத்தொழிலாளர், பிறர் வீட்டுக் கட்டிலைச் சில மணி நேரத்துக்கு மட்டும் வாடகைக்குப் பெற்று உறங்கினர். அக்குடியிருப்புகளுக்கு 'மீட்ஸ்கஸெர்னெ' என்று பெயர். வாடகைப் பாசறை என்று தமிழாக்கலாம். கும்மிடிப்பூண்டியின் ஷிப்டு முறைப் பாய்க்கு உரிய சொல் ஜெர்மன் அகராதியிலேயே இருக்கிறது. பாடநூலில்தான் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உண்டு. அவர்தம் உறவினராகிய ஈழத்தமிழர் பலர் 1980களில் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்தனர். அங்கே அவர்கள் முதலில் வாழ்ந்தது 'ஹைம்' எனப்பட்ட பொது விடுதிகளில். ஓர் அறையில் பலர். 'ஹைம்' என்பதற்கு இல்லம் என்றும் பொருளுண்டு. இல்லம் இழந்தோர் தங்கிய இடத்துக்கு அம்மொழியில் இல்லம் என்றே பெயர். அத்தகைய அறைகளிலிருந்துதான் கவிதைகளும் சிற்றிதழ்களும் பிறந்தன.

நம் மரபிலும் புலவர் எல்லோருக்கும் பள்ளியறை இருந்ததில்லை. களைத்து வந்த மோசிகீரனார் முரசு வைக்கும் கட்டிலில் அறியாது உறங்கினார். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடாது கவரி எடுத்து வீசினான். புறநானூற்றில் அப்புலவர் அதனை மறைக்காமல் பாடியதால்தான் இருவர் புகழும் நிலைத்தது.

பாய் கற்பிக்கும் இலக்கணம்

ஆகவே, ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். 'உன் படுக்கையறையை வருணி' என்பதை, 'நீங்கள் எங்கே உறங்குகிறீர்கள்?' என்று மாற்றுக. எவ்வுள் என்று கேட்க. விடை உண்மையாக வரும், இலக்கணமும் குறையாது.

'இஷ் ஹாபெ கைன் ஷ்லாஃப்ட்ஸிம்மர்.' எனக்குப் படுக்கையறை இல்லை. தமிழில் 'உடையேன்' என்பது வழக்கொழிந்து, 'எனக்கு உண்டு', 'எனக்கு இல்லை' என்று நான்காம் வேற்றுமையால் கூறுகிறோம். ஜெர்மானியர் எழுவாயும் செயப்படுபொருளுமாக அமைப்பர். இன்மையைப் பெயரின்முன் 'கைன்' என்று வைப்பர். தொடக்கநிலைக்குரிய எதிர்மறை இலக்கணம் இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ளது.

'விர் ஷ்லாஃபென் இன் ஐனெம் ட்ஸிம்மர்.' நாங்கள் ஓர் அறையில் உறங்குகிறோம். 'விர்' என்பதில் நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இல்லை என்பதையும் மாணவர் இங்கே அறிந்துகொள்வார்.

அடுத்து வருவது பாய். 'மாட்டெ' என்பர், பெண்பால். இரவில், 'இஷ் லேகெ டீ மாட்டெ ஔஃப் டேன் போடென்.' பாயைத் தரையில் விரிக்கிறேன். விரித்தபின், 'டீ மாட்டெ லீக்ட் ஔஃப் டேம் போடென்.' பாய் தரையில் கிடக்கிறது. விடிந்ததும் சுருட்டி, 'இஷ் ஷ்டெலெ டீ மாட்டெ இன் டீ எக்கெ.' பாயை மூலையில் நிறுத்துகிறேன். பிறகு, 'டீ மாட்டெ ஷ்டேட் இன் டேர் எக்கெ.' பாய் மூலையில் நிற்கிறது. அதே வீட்டில் உத்திரத்தில் கட்டிய தூளி தொங்குகிறது, 'ஹெங்ட்'.

கிடத்தலும் கிடத்துதலும், நிற்றலும் நிறுத்துதலும், எங்கே என்பதும் எங்கு நோக்கி என்பதும், 'டேம்', 'டேன்' என்னும் வேற்றுமை வேறுபாடும் இந்நான்கு வாக்கியங்களில் வந்துவிட்டன. கட்டிலுடையார் புத்தகத்தையும் விளக்கையும் எடுத்து வைத்து இதனைக் கற்கலாம், தடையில்லை. ஆனால் கட்டில் அசைவதில்லை. அது ஆண்டு முழுதும் சுவரோரம் நிற்கும். அதற்கு ஒரு வாக்கியமே உண்டு. பாயோ இரவில் ஒரு வினையும் பகலில் ஒரு வினையும் ஏற்கிறது. நாள்தோறும் பாய் விரித்துச் சுருட்டும் பிள்ளை, மாணவர் மிகுதியும் பிழைபடும் அந்த இலக்கணத்தைத் தன் கைகளாலேயே அறிந்திருக்கிறது. அதைக் குறையாகக் கருதி மறைக்குமாறு பழக்குவது, உள்ள செல்வத்தை ஒளித்து வைக்கச் சொல்வதாகும்.

கவிஞர் பெருமக்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. நெடுநல்வாடை யானைக்கொம்புக் கட்டிலைப் பாடிற்று. ஷிப்டு முடிந்து வருவோர்க்கு ஆறுமுன் கைமாறும் பாயையும், ஒரே அறையில் ஐவர் உறங்கும் ஒழுங்கையும், யார் கால்மாட்டில் யார் என்னும் இட இலக்கணத்தையும் பாடும் நெடும்பாட்டு இவ்வட்டாரத்திலிருந்து எழவேண்டும். 'கால்', 'தலை' என்பனவற்றையும் இடச்சொற்களாகத் தொல்காப்பியர் எண்ணியுள்ளார். அவ்விரண்டையும் கால்மாடு, தலைமாடு என்று இன்றும் நாள்தோறும் வழங்குவோர் பாயில் உறங்குவோரே.

ஓர் அறையில் பலராய் உறங்கும் வீட்டிலிருந்து புறப்படும் மாணவர், ஜெர்மனியில் முதன்முறையாகத் தனியறை ஒன்றைப் பெறக்கூடும். அன்று 'டாஸ் இஸ்ட் மைன் ட்ஸிம்மர்', 'இது என் அறை' என்று அவர் கூறும்போது, அவ்வாக்கியம் மனனம் செய்ததாக இராமல் உண்மையாக இருக்கவேண்டும். அதற்கு, இங்கே அவர் கற்ற முதல் வாக்கியமும் உண்மையாக இருந்திருக்க வேண்டும். 'எவ்வுள்?' என்று கேட்கப்பட்ட முனிவர் இல்லாத மாளிகையைக் கூறவில்லை. தாம் படுக்கும் குடிலைக் காட்டினார்.